அதிகாரிக்குச் சொன்ன கதை

'தீபன்' படத்தில் இலங்கைப் போரிலிருந்து தப்பும் மூன்று பேர், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளோடு பிரான்சுக்குப் போகிறார்கள். கணவன், மனைவி, மகள் என்று காகிதம் சொல்கிறது; அவர்களுக்குள் எந்த உறவும் கிடையாது. ழாக் ஓதியார் இயக்கி, நம்முடைய எழுத்தாளர் ஷோபாசக்தி தீபனாக நடித்த இந்தப் படத்துக்கு 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது கிடைத்தது. துப்பாக்கிச் சண்டையாக மாறும் கடைசிப் பகுதி எனக்கு ஒப்பவில்லை. ஆனால் ஒரு விடயம் மனதை விட்டுப் போகவில்லை. பிடிபடாமல் இருக்க அந்த மூவரும் ஒரே கதைக்குள் வாழ வேண்டியிருக்கிறது. வாழ்ந்து வாழ்ந்தே குடும்பமாகிறார்கள்.

மெய்யான குடும்பங்களில் நான் கண்டது இதற்கு நேர்மாறு. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இருந்து லண்டனுக்கும் சூரிச்சுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள், போன இடத்தில் முதலில் செய்தது தஞ்சம் கேட்டுத் தங்கள் கதையை ஓர் அந்நிய அதிகாரிக்குச் சொன்னதுதான். திகதி பிசகாமல், ஊர்ப்பெயர் மாறாமல், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதன்பிறகு வீட்டில் வாய் திறக்கவில்லை. பிள்ளை பயமில்லாமல் வளரட்டும் என்ற அன்புதான் காரணம். ஆனால் பிள்ளைக்குக் கேட்டதெல்லாம் ஒரே வசனம்: "உங்களுக்காகத்தானே இவ்வளவும் பட்டம்." என்ன பட்டார்கள் என்று தெரியாத பிள்ளைக்கு அது கணக்குக் காட்டாத கடன்.

லண்டனுக்குப் போன என் அக்கா 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமில் இருந்தவ. 5ஆம் திகதி படையினர் 158 பேரை அங்கிருந்து கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. அக்காவின் பழைய அகதி விண்ணப்பம் லண்டன் வீட்டு அலுமாரியில் கிடந்திருக்கிறது. அக்காவின் மகள், என் மருமகள், அதைத் தற்செயலாக எடுத்து வாசித்திருக்கிறாள். தாயின் வாழ்க்கையை ஆங்கிலத்தில், கேள்வி பதிலாக.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட இருவரும் ஊருக்கு வந்தபோது, குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்குப் 'பாதை' என்னும் மிதவைப் படகில் வாவியைக் கடந்துகொண்டிருந்தோம். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி அவள் கேட்டாள்: "ஆரோ ஒரு ஒபிசருக்குச் சொன்னீங்க. எனக்கு ஏன் சொல்லல்ல?"

"நீ சின்னப்புள்ள" என்றா அக்கா.

"இப்பவுமா?"

அக்கா சொல்லத் தொடங்கினா. கரை வந்தும் முடியவில்லை. அம்மாவின் வீட்டுக் குசினியில் இரவுவரை போனது. அதிகாரி கேட்காதவையே அதில் அதிகம்: ஒரே பாயில் படுத்த பக்கத்து ஊர்ப் பெட்டை, யாரோ விட்டுப்போன செருப்பை எடுத்துப் போட்ட வெட்கம், முகாமிலும் சிரித்த நேரங்கள். கோப்பில் அக்கா ஒரு விண்ணப்பதாரி. இங்கே பதினேழு வயதுப் பிள்ளை. தன்னைவிட இளைய தாயை மருமகள் அன்றைக்குத்தான் கண்டாள். பிள்ளைகள் நம்மை மன்னிக்க வேண்டும் என்றால், மன்னிக்க ஓர் ஆளை நாம் அவர்களுக்குக் காட்ட வேண்டாமா?

எங்கள் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்கு. அம்மா அக்காவுக்காக வைத்திருந்த வீட்டை, அக்கா தன் மகளுக்காக வைத்திருக்கிறா. அவள் அதை வேண்டாம் என்றதில்தான் இரண்டு பேருக்கும் நெடுநாள் பேச்சில்லாமல் இருந்தது. அன்றிரவும் அவள் மனம் மாறவில்லை. "நான் இங்க வந்து இருக்கமாட்டன் அம்மா" என்றாள்.

"சரி புள்ள" என்றுவிட்டு, அந்தப் பாயில் படுத்தவளின் கதையை விட்ட இடத்திலிருந்து அக்கா தொடர்ந்தா.