வெட்டியவர் யார்? குடிப்பவர் யார்?

ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, முதிய வணிகர் ஒருவர் மனம் நொந்து ஒரு கேள்வி கேட்டார். "நாற்பது ஆண்டுகள் பாடுபட்டுக் கடையை நிலைநிறுத்தினேன். பிள்ளைகளில் ஒருவர் வைத்தியர், ஒருவர் இஞ்சினீயர். கல்லாவில் உட்கார ஆளில்லை. நாளை யாரோ வந்து பெயர்ப்பலகையை மாற்றுவார். யாரோ அனுபவிக்கப் போவதற்கு நாம் ஏன் பாடுபட வேண்டும்?" என்றார். அன்று நம்மில் எவராலும் தக்க விடை கூற இயலவில்லை.

பின்னர் ஒரு வசந்த காலத்தில், ஸ்பெயின் தேசத்தின் தெற்கேயுள்ள பம்பனேய்ரா என்னும் மலைக் கிராமத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கிரனடா நகரிலிருந்து பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். சியர்ரா நெவாடா என்னும் பனிமலையின் தென்சரிவில், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த சிற்றூர் அது. சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகள். மரத்தூலங்களின்மேல் கற்பலகை பரப்பி, சாம்பல் நிறக் களிமண் இட்ட தட்டைக் கூரைகள். மொராக்கோ நாட்டு அட்லஸ் மலைக் கிராமங்களை ஒத்த தோற்றம். தெருவின் நடுவே சிறு வாய்க்காலில் பனிநீர் சலசலவென்று ஓடுகிறது. ஊரிலே இருப்பதோ மாதா கோயில், பள்ளிவாசல் இல்லை. ஆனால் வாய்க்காலை அவர்கள் அழைக்கும் பெயர் 'அசேக்கியா'. நீர் பாய்ச்சும் கால்வாயைக் குறிக்கும் 'அஸ்ஸாகியா' என்ற அரபுச் சொல்லே அது. நம் போன்ற வணிகர் சரக்கு வைக்கும் கிடங்கும் அந்நாட்டில் 'அல்மசேன்'தான். 'அல்மக்ஸன்' என்ற அரபுச் சொல்லின் திரிபு.

இந்தப் பெயர்களை வைத்தவர்கள் எங்கே? 1491 நவம்பரில் கிரனடாவின் கடைசி சுல்தானோடு உடன்படிக்கை எழுதப்பட்டது. முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல், சொத்து யாவற்றுக்கும் பாதுகாப்பு என்று அதில் கண்டிருந்தது. 1492 ஜனவரி 2ஆம் நாள் நகரம் கைமாறியது. பத்தாண்டுகளுக்குள் வாக்குறுதி காற்றில் பறந்தது; கட்டாய மதமாற்றம் நடந்தேறியது. 1567இல் அரபு மொழியும், உடையும், குளியல் மண்டபங்களும்கூடத் தடை செய்யப்பட்டன. 1568இல் இந்த மலைமக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1571க்குள் அவர்கள் ஒடுக்கப்பட்டு, பல்லாயிரவர் குடும்பம் குடும்பமாக உள்நாட்டுக்குத் துரத்தப்பட்டனர். வடக்கேயிருந்து வந்தவர்கள் அவர்களுடைய வீடுகளில் குடியேற்றப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, எஞ்சியவர்களும் ஸ்பெயினை விட்டே வெளியேற்றப்பட்டார்கள்.

முத்திரையிட்ட கடிதம் பத்தாண்டுகள் தாங்கவில்லை. மண்ணிலே வெட்டிய வாய்க்காலோ இன்றும் ஓடுகிறது!

அதன் வேலைத்திறனைக் கேளுங்கள். வசந்தத்தில் உருகும் பனிநீரை மலையின் உச்சிப் பகுதியிலேயே மறித்து, சரிவின் குறுக்கே நெடுந்தூரம் கொண்டு சென்று, நீர் ஊறும் பக்குவமுள்ள நிலத்தில் விட்டுவிடுகிறார்கள். அது பூமிக்குள் மெல்ல இறங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்துக் கீழேயுள்ள ஊற்றுகளில் புறப்படுகிறது. கோடையில் மழையில்லாத நாட்டில் தோட்டம் பசுமையாக நிற்பது இதனால்தான். மலையையே பண்டகசாலையாக்கிய அறிவை என்னென்பது!

மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், "இதை வெட்டியது யார்?" என்று வழிகாட்டி மூலம் கேட்டோம். "மோரோக்கள்," என்றார் அவர். முஸ்லிம்களை அந்நாட்டார் அப்படித்தான் அழைப்பார்கள். பிறகு, "ஆண்டுதோறும் தூர் வாருவது நாங்கள். வாராவிட்டால் இரண்டே ஆண்டில் மண் மூடிவிடும்," என்றும் சொன்னார். அந்த நீரில் நாம் உளூச் செய்தோம். நெஞ்சு கனத்தது.

ஒருவன் மரம் நட்டால், அதிலிருந்து மனிதன் உண்பதும், பறவை உண்பதும், ஏன், களவு போவதும்கூட நட்டவனுக்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைச் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். அதன் பொருள் அந்த மலையில்தான் நமக்கு முழுமையாக விளங்கியது.

அப்படியானால் களவு நியாயமாகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. பறித்தவனின் குற்றம் ஒரு பேரேடு. நட்டவனின் கூலி மற்றொரு பேரேடு. ஒன்றில் எழுதியதைக் காட்டி மற்றொன்றை அடிக்க முடியாது என்பதை வணிகருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா? வாக்கை முறித்தவர்கள் அதற்குப் பதில் சொல்லியே தீரவேண்டும். இன்று அந்த நீரைக் குடிக்கும் ஏழைக் குடியானவரோ அந்தக் குற்றத்தில் பங்காளியல்லர். அவர் தூர் வாருகிறார். அதனால் வெட்டியவரின் நன்மைக்கு அவரும் கைகொடுத்தவராகிறார். கைவிடப்பட்டுத் தூர்ந்துபோன பழைய வாய்க்கால்கள் பலவற்றை, 2014ஆம் ஆண்டு முதல் கிரனடா பல்கலைக்கழகத்தார் ஊராரையும் தொண்டர்களையும் கூட்டி மீண்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள். நல்ல காரியத்துக்கு வாரிசு இரத்தத்தால் மட்டும் வருவதில்லை. அதைத் தூக்கிப் பிடிக்கும் கையே வாரிசு.

ஆகவே நம் முதிய அன்பருக்கு இப்போது விடை கூறலாம். ஐயா, உங்கள் பெயர்ப்பலகை மாறத்தான் செய்யும். அந்த மலையில் வாய்க்கால் வெட்டிய ஒருவருடைய பெயரும் அங்கு எழுதியிருக்கவில்லை. ஆனால் நீங்கள் தொழில் கற்றுக்கொடுத்த பையன் எங்கோ நேர்மையாகத் தராசு பிடிப்பான். அவன் நம்மவனாயிருந்தாலென்ன, வேற்று இனத்தவனாயிருந்தாலென்ன? நீங்கள் கொடுத்த பொருளால் படித்த பிள்ளை இன்னொரு பிள்ளையைப் படிக்க வைக்கும். யார் குடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றவர் எவரும் வாய்க்கால் வெட்டியதில்லை.

வெட்டுவது நம் கடமை. நமக்கு முன்னோர் வெட்டியதைத் தூர் வாருவதும் நம் கடமை. நீர் போகும் திசையை அல்லாஹ் அறிவான்.