பாம்புக்கு இரையிடுவான் வினை

திருப்பூரிற் பின்னலாடைத் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர், அவிநாசியில் வழிபாடு முடித்து மீள்கையில் எம்பால் ஓர் ஐயம் வினவினார். அவர்தம் மைந்தன் ஆப்பிரிக்க நாட்டு மலைப்பாம்பொன்றைக் கண்ணாடிப் பேழையில் வளர்த்து, கிழமைதோறும் உயிருள்ள எலியொன்றை அதற்கு இடுகின்றான். "பாம்பு எலியைத் தின்னல் இறைவன் வகுத்த முறையன்றோ? இதில் என் மகனுக்கு வினையுண்டோ?" என்பது அவர் வினா.

பாம்பின்பாற் குற்றமின்று. விலங்கின் பிறவி பெரிதும் பிராரத்தம் நுகர்தற்கே உரியது; நன்று தீது ஆய்ந்து ஆகாமியம் ஈட்டுதற்குரியது மானுடப் பிறவி. அவிநாசியிற் சுந்தரமூர்த்தி நாயனார் முதலையுண்ட பாலனை மீட்டருளினார். முதலையை ஒறுத்தார் எனப் புராணம் கூறிற்றில்லை. பழங்கரைக் காட்டிற் சாரைப்பாம்பு எலியைப் பற்றுங்கால், எலிக்கு ஓடுதற்கு வரப்புண்டு, ஒளிதற்கு வளையுண்டு. பேழையுள் அவ்விரண்டும் இல்லை. அவற்றை நீக்கியவன் எவனோ அவனே வினைக்குரியன்.

அற்றன்று, எலி தன் வினைப்பயனை நுகர்கின்றது, இடுவான் கருவி மாத்திரையே எனின், அது பொருந்தாது. வினைப்பயனைக் கூட்டுவிப்போன் இறைவன்; அறிந்தும் விரும்பியும் அதற்குக் கருவியாவான் தனக்குப் புதுவினை ஈட்டுகின்றான். அன்றேல், கள்வனும் பொருளிழந்தான் ஊழைக் காட்டித் தப்புவான்.

கேளிக்கையொன்றே கருதி ஓருயிரை மற்றோருயிர்க்கு இரையாமாறு அடைத்துவைத்தலை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றமென்றது. நண்பரைக் கூட்டி அக்காட்சியைக் கண்டு மகிழ்வார் இதனை உன்னுக. பசியில்லாப் பாம்பை எலி கடித்துப் புண்படுத்தலும் உண்டாகலின், வளர்ப்பிற் பழகினோர் கொன்று பனியில் உறைவித்த எலியை வெதுப்பி, இடுக்கியாற் கொடுப்பர். இதனால் எலியின் அச்சமும் பாம்பின் புண்ணும் நீங்கும், கொலைவினை நீங்காது. விலை கொடுப்பான் உளனாகலின் கொல்வான் உளனாயினன்.

பாம்பை அடைத்தல் யாண்டும் தீதோ எனின், நோக்கம் ஆராயத்தக்கது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், நாகமும் விரியனும் பிடித்துச் சில கிழமை வைத்து, நஞ்செடுத்து, மீளக் காட்டில் விடுவர். அந்நஞ்சு பாம்பு தீண்டினார் உயிர் காக்கும் மருந்தாகின்றது. விழிக்கு விருந்தாக அடைத்தலும் அதுவும் ஒன்றாகா.

ஈண்டு எம் குறையையும் மறைத்தலாகாது. ஏடுகளை எலி கரித்தபோது யாமும் பொறி வைத்தேம். அதனுட் சிக்கியது இரவெல்லாம் கீச்சிட்டதைக் கேட்டும் எழுந்திலேம். ஏடு காத்தல் நன்றே. அக்குரலைப் பொறுத்திருந்த எம் நெஞ்சமே தீது. அதனால் அவ்விளைஞனை இகழ்தற்கு யாம் உரியேம் அல்லேம்.

இனி அவன் செய்யக்கடவது யாது? பாம்பைப் பட்டினியிடுதல் மற்றொரு கொலை. பாலும் சோறும் அதற்கு உணவல்ல. அயல்நாட்டுப் பாம்பை நம் காட்டில் விடுதல் அதற்கும் ஏனையவற்றிற்கும் கேடு. ஆதலின் ஏற்ற பாரத்தைச் சுமந்தே கழித்தல் வேண்டும்: உயிருள்ள இரையை விலக்குக, பார்ப்பார்க்குக் காட்சியாக்கற்க, மற்றொன்றை வாங்கற்க. உரிமம் பெற்ற காப்பிடம் ஏற்குமாயின் ஆங்கு ஒப்புவிக்க.

இதனை அன்பர்க்கு உரைத்தேம். அவர் நெடிது வாளாவிருந்து, "அவன் கேளானேல்?" என்றார். "எலி வாங்கும் பொருள் யாருடையது?" என்றேம். அவர் மறுமொழி கூறாது திருக்கோபுரத்தை நோக்கிக் கைகுவித்தார்.