நிரூபிக்க வேண்டியது யார்?

ஒருத்தர் தன்னை யாரென்று சொல்கிறார். மற்றவர்கள் அதை ஏற்க வேண்டுமானால் அவர் முதலில் எதையாவது செய்து காட்டியாக வேண்டுமா? ஏற்பு என்பது உரிமையா, இல்லை உழைத்தால் கொடுக்கிற கூலியா? இந்தக் கேள்வியைத் தேடித் தத்துவ நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிக்கிற பேய்க்கதை ஒன்றிலேயே கிடக்கிறது. 'பேய்க்கதைதானே' என்று நம் தோழர்களும் தள்ளிவிடுகிறார்கள். தள்ளக் கூடாது. யாரைக் கண்டு பயப்பட வேண்டும், யாரைக் கொன்றால் தப்பில்லை என்று ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது.

மேலை நாட்டுப் பேய்க்கதை எதைச் சொல்லிக்கொடுத்தது? அயர்லாந்து எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872-இல் நூலில் வந்தது. அதில் ஒரு பெண்ணை நேசிக்கிற பெண், ரத்தம் குடிக்கிற பேயாக வருகிறாள். முடிவில் நெஞ்சில் முளை அடித்துத் தலையை வெட்டி எரித்துவிடுகிறார்கள். ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை விதிகள் தன்பால் விருப்பத்தைத் திரையில் காட்ட விடவில்லை. ஆனால் பேயாக, வில்லனாக, ஜாடையாகக் காட்டிக்கொள்ளலாம். கடைசியில் கொன்றுவிட்டால் போதும். ஆக, தன்னைப் போல ஒரு ஆளைக் கதையில் தேடிய பிள்ளைக்குக் கிடைத்தது பேயின் முகம்தான்.

1994-இல் அமெரிக்கத் திருநர் ஆய்வாளர் சூசன் ஸ்ட்ரைக்கர் ஒரு கட்டுரை எழுதினார். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில், தன்னை உண்டாக்கியவனாலேயே கைவிடப்பட்ட அந்தப் படைப்பைத் தன் உறவாக அறிவித்தார். அதன் ஆத்திரத்தைத் தன் ஆத்திரமாக்கிக்கொண்டார். எறிந்த வசவைப் பிடித்து அதையே பெயராக வைத்துக்கொண்டு நிமிர்கிற அரசியல் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

இந்தப் பின்னணியில்தான் எய்டன் தாமஸின் 'செமிட்டரி பாய்ஸ்' (2020) நாவலைப் படிக்க வேண்டும். எழுதியவர் திருநம்பி. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் கிழக்கே, லத்தீன் அமெரிக்க வழி வந்த மக்கள் வாழும் பகுதியில் கதை நடக்கிறது. அங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தைக் காத்து வாழ்கிற மந்திரக் கூட்டம் ஒன்று. அவங்க வழக்கப்படி பெண்கள் நோய் தீர்ப்பார்கள். ஆண்கள் போகாமல் தங்கிவிட்ட ஆவிகளை வழியனுப்புவார்கள். பதினைந்து வயதில் சடங்கு; சாவின் தெய்வத்தாய் ஆற்றலைத் தருவாள். பதினாறு வயது யாட்ரியல் ஒரு திருநம்பி. பெண்ணாகச் சடங்குக்கு நிற்க அவன் மாட்டேன் என்கிறான். ஆணாக நிற்க ஊர் விடவில்லை.

பையன் காத்துக்கொண்டிருக்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரியாமல், உறவுக்காரி மரிட்ஸா செய்து கொடுத்த குத்துவாளோடு, தானே சடங்கை நடத்திக்கொள்கிறான். சாவுத்தாய் ஏற்றுக்கொள்கிறாள். சாட்சி கேட்கவில்லை, மருத்துவர் கடிதம் கேட்கவில்லை, 'நீ பிறக்கும்போது என்னவாக இருந்தாய்' என்று கேட்கவில்லை. வந்து நின்றான், சொன்னான், கொடுத்தாள். அவ்வளவுதான்.

சாவு கேட்காததை உயிரோடு இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். இத்தனைக்கும் அந்தக் குடும்பம் பாசமான குடும்பம். அமெரிக்காவில் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிற, தம் வழக்கங்களை மறைத்து வாழ்கிற சனங்கள். விரட்டப்பட்டவர்கள் தம் மரபைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மரபே சொந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தும்போது நியாயம் எங்கே போனது? ஒடுக்கப்பட்ட கூட்டத்துக்குள்ளும் ஒரு வாசல், ஒரு வெளிப்புறம் இருக்கும் என்பதை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

யாட்ரியலும் அந்தக் கோரிக்கையை நம்பிவிடுகிறான். ஒரு ஆவியை வழியனுப்பிக் காட்டினால் அப்பா ஏற்பார் என்று நினைக்கிறான். அவன் எழுப்பிய ஆவியோ ஹூலியன் என்கிற பள்ளிப் பையனுடையது. ஹூலியனின் கூட்டாளிகளெல்லாம் வீடில்லாத பிள்ளைகள். அதிலே ஃப்ளாக்கா என்று ஒரு திருநங்கை, பெற்றவர்கள் விரட்டிவிட்டார்கள். இந்தப் பிள்ளைகளில் ஒருத்தர் காணாமல் போனால் தேட நாதியில்லை.

கதையின் கொடியவன் யார் தெரியுமா? அப்பாவின் சகோதரர் காட்ரிஸ். மந்திர ஆற்றல் வரவில்லை என்று அதே கூட்டம் ஒதுக்கிவைத்த ஆள். ஆற்றல் அடைய அவர் மனித உயிர்களைப் பலி கொடுக்கிறார். பலர் இவரைப் பெரியவர்களுக்கு நேர் எதிரி என்று படிப்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர்களுடைய நல்ல மாணவர் இவர்தான். ஆற்றலைக் காட்டினால்தான் நீ ஆள் என்று அவர்கள் சொன்னார்கள். அதை முழுசாக நம்பினார். தன் மதிப்பை நிரூபிக்க அடுத்தவர் உயிரை விலையாகக் கொடுத்தார். நிரூபணத்தின் அறம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் இது.

சாவின் விளிம்பில் கிடந்த ஹூலியனை யாட்ரியல் மீட்டெடுக்கிறான். பிறகு ஊர் கூடிய இடத்தில் அப்பா அவனை ஏற்கிறார். படிக்கிறவர்களுக்குக் கண் கலங்கும், கலங்கட்டும். ஆனாலும் கேட்க வேண்டும்: அந்த அற்புதம் நடக்காமல் போயிருந்தால்? ஹூலியன் பிழைக்காமல் போயிருந்தால் யாட்ரியல் ஆண் இல்லையா?

'நடைமுறை வேறப்பா, ஏதாவது சாதித்துக் காட்டினால்தான் கதவு திறக்கும்' என்பார்கள். திறக்கும்தான். ஆனால் சாதனை திறந்த கதவு, சாதனை பழசானதும் மூடிக்கொள்ளும். அடுத்து வருகிறவர் அதைவிடப் பெரிய சாதனையோடு வர வேண்டியிருக்கும். ஒன்றும் சாதிக்காத, சாதாரணமாக வாழ நினைக்கிற பிள்ளை எங்கே போகும்? 2021-க்குப் பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களில் பாலினச் சிறுபான்மையினர் வருகிற கதைகளைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை தன் முகத்தைப் பார்க்க இருந்த கண்ணாடியும் போகிறது.

என் வாசிப்பில் இந்த நாவலின் முடிவில் கனமானது அற்புதம் இல்லை. அப்பா மன்னிப்புக் கேட்பதுதான். நிரூபிக்க வேண்டிய ஆள் மகன் இல்லை, தான்தான் என்று அந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. நான் தகப்பன்தான், நாங்கள் சமூகம்தான் என்று அவர்கள்தான் காட்ட வேண்டியிருந்தது.

ஃப்ளாக்கா எந்த ஆவியையும் வழியனுப்பவில்லை, எந்த உயிரையும் மீட்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. விரட்டிய வீட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.