கூடம் கோணலா?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் முன்னோர் விட்டுச்சென்ற பழமொழி. தன் குறையை மறைத்துப் பிறவற்றின்மேல் பழியைச் சுமத்தும் மனித இயல்பை இதைவிடக் கூர்மையாக எடுத்துரைப்பது அரிது. கருவியைக் குறைகூறும் எவரையும் கண்டால் நாம் இப்பழமொழியை நினைத்துப் புன்னகைக்கிறோம். ஆயினும், நாம் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று இதனுள் பொதிந்து கிடக்கிறது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்? ஆடுபவள் அதை எப்படி எடுத்துச் சொல்வாள்? அவள் பேசத் தொடங்கியதுமே பழமொழி அவள் வாயை அடைத்துவிடுகிறதே!

இன்று நம்மில் பலர் அன்றாடம் ஆடும் கூடம் கணிப்பொறி. வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அஞ்சலகத்திலும் நம் கணக்கும் பெயரும் அதற்குள்ளேயே வாழ்கின்றன. அது பிழைபட்டால் நாம் முதலில் நம்மையே ஐயுறுகிறோம். “எனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை போலும்” என்று தலைகுனிகிறோம். ஆனால் இக்கூடத்தைக் கட்டிய கொத்தர்கள், அதாவது நிரல் எழுதுவோர், தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? அவர்களுடைய நகைச்சுவையைக் கேட்டால் நமக்கு வியப்பே மிஞ்சும். கூடம் கோணல் என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவர்.

1947 செப்டம்பர் 9 அன்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ‘மார்க் 2’ என்னும் பெரும் கணிப்பொறி பழுதுபட்டது. காரணத்தைத் தேடியவர்கள், அதன் மின்தொடர்பிகளில் ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டார்கள். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பூச்சி ஒன்று மெய்யாகவே அகப்பட்டது இதுவே முதன்முறை என்று குறித்து வைத்தார்கள். பூச்சி என்று பொருள்படும் ‘பக்’ என்னும் சொல் அன்றுதான் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கருவிகளின் மறைவான பழுதைக் குறிக்க எடிசன் 1878-ஆம் ஆண்டிலேயே அச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். சொல் பழையது, அது நேர்பொருளில் பலித்ததே அன்றைய வேடிக்கை. பழுது தங்கள் அன்றாடத் தோழன் என்று அறிந்திருந்தவர்களுக்கே அவ்வாறு சிரிக்க இயலும்.

அதன்பின் இத்தொழிலில் வளர்ந்த நகைச்சுவையெல்லாம் இதே இனத்தைச் சேர்ந்தது. விசைப்பலகை இணைக்கப்படவில்லை என்று அறிவித்துவிட்டு, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்துமாறு கேட்ட பழைய கணிப்பொறிகளைச் சொல்லி அவர்கள் இன்றும் நகைக்கிறார்கள். ஓர் அரைப்புள்ளியை இட மறந்ததற்காக அரைநாளை இழந்த கதை அவர்களிடம் ஏராளம். எழுதிய நிரலைச் சரிபார்த்து இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் என்னும் கருவி, அரைப்புள்ளி விடுபட்ட வரியைப் பல வேளைகளில் சுட்டுவதில்லை. குற்றமற்ற அடுத்த வரியையே சுட்டுகிறது. ஏனெனில், பிழை பிறக்கும் இடம் வேறு. அது வெளிப்படும் இடம் வேறு. இச்சிறு செய்தியை நாம் நினைவில் இருத்திக்கொள்வோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

நிரலின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்று காட்டும் கட்டளை ஒன்றும் உண்டு. அதன் பெயரே ‘பிளேம்’, அதாவது பழி. இத்தகைய மென்பொருள்களுள் ஒன்றான ‘சப்வெர்ஷன்’, அதே கட்டளைக்கு ‘பிரெய்ஸ்’, அதாவது புகழ் என்னும் மறுபெயரையும் வழங்கிக் குறும்பு செய்கிறது. மோசமான வரி ஒன்றைக் கண்டு கொதித்தெழுந்த ஒருவர், “எந்த முட்டாள் எழுதியது இது?” என்று அக்கட்டளையை இட்டுப் பார்க்க, திரையில் அவருடைய பெயரே தோன்றியதாம்! இத்தொழிலில் இருப்போர் சொல்லிச் சொல்லிச் சலிக்காத வேடிக்கை இது. அயலார் குற்றத்தைக் காண்பதுபோலத் தன் குற்றத்தையும் காண வேண்டும் என்று வள்ளுவர் வலியுறுத்தியதை இவர்கள் ஒரு கட்டளையாகவே செய்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வகைச் சிரிப்புக்குச் சிறந்த சான்று அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு கனூத். 1977-இல் தாம் எழுதிய குறிப்பொன்றில், இந்நிரல் சரியானது என்று நிறுவியிருக்கிறேனே தவிர, ஓட்டிப் பார்க்கவில்லை. எனவே பிழைகள் இருக்கலாம், எச்சரிக்கை என்று எழுதினார் அவர். அத்தோடு நிற்கவில்லை. தம் நூல்களில் பிழை கண்டு சொல்பவருக்கு 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பும் வழக்கத்தையும் மேற்கொண்டார். 256 என்பது கணிப்பொறியின் கணக்குமுறையில் ஒரு முழு எண். அதனால் அது அவருடைய ‘ஒரு டாலர்’. அச்சுக்கோப்புக்காக அவர் உருவாக்கிய ‘டெக்ஸ்’ என்னும் மென்பொருளில் பிழை காண்பவர்க்கு உரிய பரிசோ படிப்படியாக இரட்டித்து 327.68 டாலர் வரை உயர்ந்தது. காசோலை பெற்றவர்களில் பலர் அதை மாற்றாமல் சட்டமிட்டு வைத்துக்கொண்டார்கள். தன் குற்றத்தைச் சுட்டிக்காட்டுபவனுக்கு நன்றி சொல்வது எத்துணை உயர்ந்த பண்பு!

ஆனால் இதே நகைச்சுவைக்கு மற்றொரு முகமும் உண்டு. “இது பிழையன்று, இதுவே இதன் சிறப்பு” என்பது ஒரு புகழ்பெற்ற கேலி. “என் கணிப்பொறியில் நன்றாகத்தானே ஓடுகிறது” என்பது இன்னொன்று. இருக்கைக்கும் விசைப்பலகைக்கும் இடையேதான் கோளாறு, அதாவது பயன்படுத்துபவரே கோளாறு, என்பது மூன்றாவது. தொழிற்கூடத்தில் ஒருவர் தம்மையே எள்ளி இவற்றைச் சொல்லும்போது, அவை பணிவின் மொழி. அதே சொற்களைப் புன்னகையின்றி, துன்புற்று வந்து நிற்கும் எளியவரின் முகத்துக்கு நேரே சொல்லும்போது அவை என்னவாகின்றன? சொல் மாறவில்லை, அது பாயும் திசை மாறிவிட்டது. அன்பு வாசகர்களே, இது வெறும் கற்பனையன்று. ஒரு நாடே இதைக் கண்டு வெட்கியது.

பிரித்தானிய அஞ்சல் நிறுவனம் 1999-ஆம் ஆண்டுமுதல் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருளை நிறுவத் தொடங்கியது. அக்கிளைகளை நடத்தியோரில் பெரும்பாலோர் சிறு கடைக்காரர்கள். ஊராரின் நன்மதிப்பைப் பெற்றவர்கள். மாலையில் கணக்கு முடிக்கையில், இல்லாத பற்றாக்குறை அவர்களுடைய திரையில் தோன்றியது. உதவி கேட்டு அழைத்தவர்களுள் பலர், வேறு எவருக்கும் இச்சிக்கல் இல்லை என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகப் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர். தொழிற்கூடத்தின் கேலி இங்கே அலுவலக விடையாக மாறிவிட்டது! ஆனால் அம்மென்பொருளைப் பராமரித்த ஃபுஜிட்சு நிறுவனத்திடமோ, அறியப்பட்ட பிழைகளுக்கென்றே ஒரு பதிவேடு இருந்தது. வெளிப்பட்ட கிளைகளின் பெயராலேயே அழைக்கப்பட்ட பிழைகளும் உண்டு.

கடைக்காரர்கள் தம் சேமிப்பையும் வீட்டையும் இழந்து அப்பற்றாக்குறையை ஈடுசெய்தார்கள். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். கருவுற்றிருந்த பெண் ஒருவர் 2010-இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். இத்துயரத்தால் 13 பேருக்குக் குறையாமல் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. ஆலன் பேட்ஸ் என்பவரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2024-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கியது. இழந்த ஆண்டுகளை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

பிழை பிறக்கும் இடம் வேறு, வெளிப்படும் இடம் வேறு என்று கண்டோமல்லவா? மென்பொருளில் பிறந்த பிழை, தொலைதூரச் சிற்றூர்க் கடையின் மேசையில் வெளிப்பட்டது. சுட்டுவிரல் வெளிப்பட்ட இடத்தையே நீட்டியது.

இதில் குற்றம் யாருடையது? கருவிக்கு மனச்சான்று இல்லை. ஆகவே அதனால் பாவம் செய்யவும் இயலாது. பிழையுள்ள நிரலை எழுதியது மட்டும் பெருங்குற்றமாகிவிடாது. மனிதர் செய்வதில் பிழை நேர்வது இயல்பே. ஆனால் வெல்ல இயலாத அறியாமை வேறு, முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை வேறு என்று ஒழுக்க இறையியல் நமக்குக் கற்பிக்கிறது. பதிவேட்டைத் திறந்து பார்க்க வாய்ப்பிருந்தும் பாராதவன், அறியாதவன் ஆகான். இயந்திரம் பொய்க்காது என்று நீதிமன்றத்தின் முன் நின்றவனோ, இயந்திரத்தின் பெயரால் தானே பொய்ச்சாட்சி சொன்னவன் ஆகிறான்.

சட்டமும் இதற்குத் துணைபோயிற்று. கணிப்பொறி ஒழுங்காக இயங்கியது என்று காட்டினால்தான் அதன் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 1999-இல் இயற்றப்பட்ட சட்டம் அவ்விதியை நீக்கிவிட்டது. அதன்பின், கருவி சரியானது என்பதே தொடக்க அனுமானம் ஆயிற்று. பிழையை மெய்ப்பிக்கும் சுமை எளியவரின் தோளில் விழுந்தது. அம்மென்பொருளின் உள்ளே பார்க்கக்கூட உரிமையற்றவர் எதைக்கொண்டு மெய்ப்பிப்பார்?

ஆகவே பழமொழியை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. அதை யாரை நோக்கிச் சொல்கிறோம் என்பதில் விழிப்பாயிருந்தால் போதும். கூடத்தைக் கட்டியவரும் அதற்கு உடைமையாளரும் தங்களை நோக்கிச் சொல்லிக்கொள்ளட்டும். அலுவலகச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்பவர்களாக நாம் இருந்தால், “கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது” என்று சொல்லுமுன் ஒரு நொடி நிற்போம். எதிரே நிற்பவர் கையில் தாம் உண்மையே சொல்கிறோம் என்னும் உறுதியைத் தவிர வேறு சான்று இல்லாமல் இருக்கலாம். அவர் கூடம் கோணல் என்று சொன்னால், அவர் ஆட்டத்தைப் பழிப்பதற்கு முன், நூல் பிடித்துச் சுவரை அளந்து பார்ப்பதே நம் கடமை.