யாருக்குப் பதிலாக யார்?

ஒரு போர் அநியாயமானது என்று தெளிந்த இளைஞன், அதற்குப் படையாளாக வரும்படி அரசு அழைக்கும்போது மறுக்கலாமா? மறுக்கலாம், ஆனால் அதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்க மாணவர்கள் அந்த விலை என்ன என்று சிறுகச் சிறுகக் கண்டுகொண்டார்கள்.

1965 ஜூலையில், மாதந்தோறும் படைக்கு அழைக்கப்படுவோர் தொகையை 17,000-இலிருந்து 35,000 ஆக்குவதாக அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்தார். 1969-இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினர் 5,40,000 பேரைத் தாண்டினர். 18 வயதில் படைக்குப் பதிந்துகொள்ள வேண்டிய இளைஞனுக்குப் அன்று பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதுவரை வாக்குரிமைகூட இல்லை. தன் உயிரைக் கேட்கும் முடிவில் அவனுக்குப் பேச்சே இல்லை.

எல்லா இளைஞர்களிடமும் அரசு ஒரே மாதிரி கேட்கவுமில்லை. கல்லூரியில் முழுநேரம் படிப்பவனுக்கு ‘2-எஸ்’ என்ற தற்காலிக விலக்கு கிடைத்தது. உள்ளூர் ஆள்சேர்ப்புக் குழுவோ மாதாமாதம் தன் கணக்குக்கு ஆள் காட்டியாக வேண்டியிருந்தது. மருத்துவர் மகனுக்கு விலக்கு கிடைத்தால், அந்த இடத்துக்குப் பட்டறைத் தொழிலாளியின் மகனோ கறுப்பின இளைஞனோ போக நேர்ந்தது. ஆகவே, வளாகத்தில் நின்று போரைக் கண்டித்த மாணவன், அவன் விரும்பாவிட்டாலும், இன்னொருவன் முதுகில் நின்றுதான் கண்டித்தான்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் மாணவர்களும் இருந்தார்கள் என்பதே அந்தப் போராட்டத்தின் பெருமை. 1966-இல், வகுப்பில் பெறும் இடத்தையும் ஒரு தேர்வின் மதிப்பெண்ணையும் பார்த்து விலக்கைத் தொடரும் முறை வந்தது. ஒருவன் நன்றாக எழுதினால், அவனுக்கு அடுத்த இருக்கையில் இருப்பவன் தரவரிசையில் கீழிறங்குவான். கீழிறங்கியவனைத் தேடி அழைப்பாணை வரக்கூடும். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரின் பேனா, அவரையும் அறியாமல், ஆள்சேர்ப்பு அதிகாரியின் பேனாவாகியது. அந்த மே மாதம் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் அமர்ந்து, தரவரிசையை அரசுக்குக் கொடுக்கக் கூடாது என்று போராடினார்கள். அந்த ஏற்பாட்டால் பெரிதும் காப்பாற்றப்பட்டவர்களே அதை எதிர்த்தார்கள்.

அடுத்த அடி இன்னும் கடினமானது. 1967 அக்டோபர் 16 அன்று நாட்டின் பல நகரங்களில் இளைஞர்கள் தங்கள் ஆள்சேர்ப்பு அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எப்போதும் கையிலிருக்க வேண்டும் என்று சட்டம் சொன்ன அட்டை அது. அதைத் தெரிந்தே அழிப்பவருக்கு 5 ஆண்டுவரை சிறை என்று 1965-லேயே சட்டம் வந்துவிட்டது. திருப்பித் தந்த மாணவன் தன் விலக்கையும் பணயம் வைத்தான். ஸ்டான்ஃபோர்டு மாணவர் தலைவராக இருந்த டேவிட் ஹாரிஸ் படையில் சேர மறுத்துச் சிறை சென்றார்.

இதற்கு எதிரான வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. நாடு தந்த பாதுகாப்பில் வளர்ந்தவன் நாட்டுக்குக் கடன்பட்டவன். ஆளாளுக்கு உவப்பான சட்டத்தை மட்டும் மதித்தால் சட்டமே நிலைக்காது என்பது முதல் வாதம். உண்மைதான். ஆனால் மறைந்து ஓடாமல் முன்வந்து மறுத்துத் தண்டனையை ஏற்பவன், சட்டத்தின் ஆட்சியை மதித்துக்கொண்டே ஒரு சட்டத்தின் அநீதியைச் சுட்டுகிறான். கடன் என்பது நாட்டுக்கு. நாட்டின் ஒவ்வொரு போருக்கும் அல்ல.

இங்கே நீதிமன்றம் வேறு கோடு கிழித்தது. எல்லாப் போரையும் எதிர்ப்பவனுக்கே மனச்சான்று விலக்கு, ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பவனுக்கு இல்லை என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாகத்துக்கு அது வசதியான கோடு. அறத்துக்குப் பொருந்தாத கோடு. நியாயமான போருக்குப் போவேன், அநியாயமான போருக்குப் போக மாட்டேன் என்பவன் சீர்தூக்கிப் பார்க்கிறான். அப்படிப் பார்ப்பதைத்தான் குடிமகனிடம் எதிர்பார்க்க வேண்டும்.

இன்னும் கடினமான வாதம் ஒன்று உண்டு: மறுத்தவன் சிறைக்குப் போனாலும், அவன் இடத்துக்கு வேறொருவன் போகத்தானே செய்வான்? ஆம், போவான். அந்தப் பழியில் பெரும்பங்கு ஆளனுப்பிய அரசுடையது என்றாலும், மறுத்தவன் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அதனால்தான் தனி மறுப்போடு நிற்காமல், ஆள்சேர்ப்பையும் போரையும் நிறுத்தும் பொது முயற்சியாக அவன் மறுப்பு வளர வேண்டும். அழைப்பிலிருந்து தப்ப நோயைப் புனைந்தவரையும் கனடாவுக்குச் சென்றவரையும் இகழ யாருக்கும் உரிமையில்லை, உயிராசை குற்றமல்ல. ஆனால் சத்தமில்லாமல் தப்புவது தன்னைக் காத்துக்கொள்வதோடு முடிகிறது. அடுத்தவனைக் காக்க அது எதுவும் செய்வதில்லை. போருக்குப் போய்த் திரும்பிய ஏழை வீட்டுப் பையனை வசைபாடுவதோ அறமே அல்ல.

அந்தப் போரில் 58,000-க்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் இறந்தனர். வியட்நாம் மக்கள் அதைவிடப் பன்மடங்கு மாண்டனர். 1971-இல் புதிய மாணவர் விலக்குகளுக்கு முடிவு வந்தது. 1973-இல் கட்டாய ஆள்சேர்ப்பே நின்றது. அநீதியான போரை மறுப்பது உரிமை. தனக்குக் கிடைத்த சலுகையையும் சேர்த்து மறுக்கும்போதுதான் அது அறமாகிறது.