காயத்தோடு பிறந்த தாள்

ஓவியத்தில் தாள் பெரும்பாலும் ஆதாரமாக மட்டுமே கருதப்படுகிறது. மையும் வண்ணமும் அதன்மேல் நிற்கும் ஆதேயம், அதாவது தாங்கப்படும் பொருள். இவ்வுறவைக் கலைத்துத் தாளையே படைப்பாக்கிய இந்தியக் கலைஞருள் ஜரீனா ஹாஷ்மி (1937–2020), சோம்நாத் ஹோர் (1921–2006) ஆகிய இருவரின் ஆக்கங்களும் தருக்க நூலாரின் பழைய வினா ஒன்றை மீண்டும் எழுப்புகின்றன: இன்மை என்பதும் ஒரு பொருள்தானா?

அலிகாரில் பிறந்து கணிதம் பயின்ற ஜரீனா, 1970களில் மை தொடாமல், தாளை ஊசியால் குத்தியே சில படைப்புகளைச் செய்தார். ஊசி தாளை வெட்டி எடுப்பதில்லை. நாரை விலக்கி மறுபுறம் தள்ளுவதால் துளையின் விளிம்பு அங்கே சற்றே மேடிட்டு, பக்கவாட்டில் விழும் ஒளியில் நிழலும் காட்டுகிறது. அபாவம் எனப்படும் இன்மையையும் பதார்த்தங்களுள், அதாவது பொருள் வகைகளுள், ஒன்றாக எண்ணிய தருக்க நூலாராகிய நியாய வைசேடிகர், இன்ன இடத்தில் இன்னது இல்லை என்று இரண்டையும் சுட்டியே இன்மை அறியப்படும் என்றனர். இங்கோ இடமும் தாள், இல்லாததும் தாள். அவர்களுடைய அவயவிக் கொள்கை இதனினும் வியப்பானது. உறுப்புகள் கூடித் தோன்றும் முழுமையாகிய அவயவி அவ்வுறுப்புகளின் வேறான தனிப்பொருள் என்றும், துணியில் ஓர் இழை பிரிந்தாலும் பழைய துணி அழிந்து வேறொன்று தோன்றுகிறது என்றும் அவர்கள் கொண்டனர். நார்கள் ஒன்றையொன்று பற்றுவதாலேயே உண்டாகும் தாளுக்கு இதைப் பொருத்தினால், குத்துதோறும் ஒரு தாள் அழிந்து மற்றொன்று பிறக்கிறது. (முழுமை வெறும் பெயரே என்னும் பௌத்தர் இதைக் கேட்டு நகைத்திருப்பர்.)

ஹோரின் 'காயங்கள்' வரிசைக்கு இவ்விளக்கம் போதாது. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்த அவர், 1970களில் சாந்திநிகேதனில், மெழுகையும் களிமண்ணையும் கீறிக் கிழித்து, அவற்றிலிருந்து சிமெண்ட் அச்செடுத்து, அதில் காகிதக் கூழை அழுத்தி உலர்த்தினார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம் உருவாயிற்று. தோன்றுமுன் உள்ள இன்மை முன்னபாவம், அழிந்தபின் உள்ளது அழிவுபாட்டபாவம் என்பர் நியாய வைசேடிகர். ஜரீனாவின் துளையைப் பின்னதில் அடக்கலாம். ஹோரின் தாளோ ஒருபோதும் காயமின்றி இருந்ததில்லை, ஆகவே அதில் அழிந்ததென்று எதுவுமில்லை. அதைக் காயத்தின் படம் என்று ஒதுக்குவதும் பொருந்தாது, ஏனெனில் பள்ளம் தாளில் மெய்யாகவே உள்ளது.

இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்தை ஏற்ற சைவ சித்தாந்தி, காயம் முதற்காரணமாகிய கூழிலேயே நுண்மையாய் இருந்தது என்பார். கந்தலையும் நாரையும் அடித்துச் சிதைத்தே கூழ் செய்யப்படுவதால் இது கவர்ச்சியான விடைதான், ஆயினும் அதே கூழில் கீறலற்ற தாளும் வரும் என்பதால் முழு விடையாகாது. எவ்வுரு வெளிப்பட வேண்டும் என்று தேர்ந்தவர் நிமித்த காரணமாகிய கலைஞர்; அவரோ பஞ்சத்தில் மெலிந்த உடல்களை வரைந்து பழகியவர்.