யாருடைய நேரம்?

"நேரமில்லை, தோழரே! நேரமே இல்லை!"

படிப்பகத்துக்கு வாரீர் என்று அழைத்தால் இந்தப் பதில். ஊர்க்கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் இந்தப் பதில். சிற்றூரிலிருக்கும் பெற்ற தாயைப் பார்த்து எத்தனை திங்கள் ஆயிற்று என்று கேட்டால், அதற்கும் இதே பதில்! பெரம்பலூரிலே பேருந்து ஏறிக் காதைச் சற்றுத் தீட்டி வைத்துக் கொண்டால் போதும். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் இந்த வாசகத்தைப் பல முறை கேட்டுவிடலாம். அலுவலர் சொல்கிறார், ஆசிரியர் சொல்கிறார், வங்கி எழுத்தர் சொல்கிறார். சொல்லும்போது அவர் முகத்தை உற்றுப் பாருங்கள். களைப்பு தெரியும், களைப்புக்குப் பின்னாலே ஒரு பெருமிதமும் ஒளிந்திருக்கும்.

காலத்தைப் பற்றிய பழைய புரட்டை நாம் அறிவோம். கதிரவன் எழுவது முதல் விழுவது வரையுள்ள பொழுதை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறை இராகுவுக்கும் இன்னொரு கூறை எமனுக்கும் தாரை வார்த்தது பஞ்சாங்கம். பன்னிரண்டு மணி நேரப் பகலிலே மூன்று மணி நேரம் பறிபோயிற்று! இன்றும் போகிறது. நம் மாவட்டத்துச் சாத்தனூரிலே கல்லாகிக் கிடக்கிறது ஒரு பெருமரம். 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருட்டிணன் கண்டறிந்து உலகுக்கு உரைத்தது; பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையது என்பது நிலவியலார் கணக்கு. அந்த மரத்தை மாணவர்களுக்குக் காட்ட வண்டி ஏற்பாடு செய்தோம். வண்டிக்காரர் புறப்பட மறுத்தார். ஏன்? இராகு காலமாம்! கோடி ஆண்டுகளைக் காணக் கிளம்பிய குழந்தைகள், ஒன்றரை மணி நேரம் வெயிலிலே நின்றார்கள். வள்ளுவரும் 'காலமறிதல்' என்றோர் அதிகாரம் வகுத்தார். செயலுக்கு ஏற்ற வேளை எது என்றுதான் அங்கே ஆராய்ந்தாரே தவிர, இராகுவைக் கேட்டு வரச் சொல்லவில்லை.

சரி, நாம் இராகுவை விரட்டிவிட்டோம். எமகண்டத்தை எள்ளி நகையாடுகிறோம். அப்படி மீட்ட நேரம் எங்கே போயிற்று? புதிய பஞ்சாங்கம் ஒன்று நம் கைக்கு வந்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். என் நேரம் பொன். உன் நேரம் மண். இதுதான் அந்தப் பஞ்சாங்கம்.

அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் ஜமீன் இருந்த காலம் உண்டு. காலையில் வந்த குடியானவன் உச்சிப்பொழுது வரை வாயிற்படி ஓரம் நிற்பான். உள்ளே பெரிய வேலை ஒன்றும் நடந்திராது. நிற்க வைப்பதே அங்கு வேலை! நிற்பவன் சிறியவன், நிற்க வைப்பவன் பெரியவன் என்று ஒவ்வொரு நாளும் மெய்ப்பித்துக் கொண்டிருக்க வேண்டுமல்லவா? சென்னை மாகாணம் 1948இல் இயற்றிய சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. வாயிற்படியில் நிற்பதை ஒழித்ததா? இன்றைய அலுவலகத் தாழ்வாரங்களைப் பாருங்கள். மருத்துவமனை வரிசைகளைப் பாருங்கள். வேறெங்கும் போக வேண்டாம், எம் பள்ளிக்கே வாருங்கள்.

ஒரு மாணவன். நாள்தோறும் இருபது நிமிடம் தாமதமாக வருவான். காரணம் கேட்டால் தலை குனிவான். "அம்மாவை அழைத்து வா" என்று ஆணையிட்டோம். மறுநாள் பத்து மணிக்கு அந்த அம்மையார் வந்து நின்றார். நாமோ வருகைப் பதிவைக் கைபேசியில் ஏற்றிக் கொண்டிருந்தோம்; பிறகு பாடவேளை; பிறகு ஓர் அறிக்கை, உடனே அனுப்பியாக வேண்டியது; பிறகு உணவு. "கொஞ்சம் இருங்கள்" என்று சொன்னோம், இருமுறை. வேப்பமரத்தடியிலே இருந்தார். ஒன்று நாற்பதுக்கு அழைத்தோம். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சின்ன வெங்காய அறுவடைக் காலம் அது. விடியுமுன்னே வண்டி வந்து பெண்களை ஏற்றிச் செல்லும். அவரும் போய்விடுவார். தங்கைக்குச் சோறு போட்டு, அங்கன்வாடியில் விட்ட பிறகே அந்தப் பையன் பள்ளிக்கு ஓடி வருகிறான். அதுதான் இருபது நிமிடம். நமக்காக அன்று அந்த அம்மையார் வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. இருபது நிமிடக் குற்றத்தை விசாரிக்க உட்கார்ந்த நாம், மூன்று மணி நாற்பது நிமிடத்தைப் பறித்துக் கொண்டோம்! யார் கண்டிப்பது நம்மை? அவர் கண்டிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்றும் உறுத்துகிறது.

நமக்கு வேலை இருந்தது பொய்யல்ல. கற்பிக்கும் நேரத்தைக் கணினிப் பதிவுகள் தின்பது ஆசிரியர் அனைவரும் அறிந்த உண்மை. நம்மைக் காக்க வைப்பவரும் மேலே உண்டு. ஆனால் மேலிருந்து விழும் சுமையை அப்படியே கீழே உருட்டிவிடுவதற்குப் பெயர் நிருவாகத் திறமையா? ஜாதி அடுக்கு நடப்பது இப்படித்தானே! மேலே ஒருவன் மிதிக்க, நாம் நமக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறோம்.

நேரத்தை ஆளக் கற்பிக்கும் நூல்கள் கடைகளிலே குவிந்துள்ளன. விடியற்காலை ஐந்து மணிக்கு எழு என்கின்றன. எழலாம். எழுந்தவனுக்கு ஐந்தேகாலுக்குக் காப்பி வருகிறதே, அதற்காக நாலரைக்கு எழுந்தது யார்? நம் இல்லத்தில் அம்மா. அவருக்கு எந்த நூலும் வழி சொல்லவில்லை. 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அந்த 97ஐக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அத்தகைய வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ 81 பேர். மேடையிலே பெண் விடுதலை முழங்கிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் தோழர், தம் சோற்றுக்காக விழித்திருந்தவரின் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்?

பாட்டாளி இதை நம்மைவிடத் தெளிவாக அறிந்தவன். அரியலூர் சிமெண்ட் ஆலைகளிலே, சுண்ணாம்புக் கல்லை 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வேகவைக்கும் சூளை இரவு பகல் அணைவதில்லை. சூளைக்கு ஓய்வில்லை, ஆளுக்கு உண்டு. அது முதலாளி கனிந்து தந்ததன்று. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினாரே, அன்று ஆலைச் சட்டமே வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்க இடம் கொடுத்தது. அது 54 ஆகி, டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்திலே வந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 ஆயிற்று. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையிலே, பன்னிரண்டு மணி நேர வேலை நாளுக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே, அவ்வாண்டு மே நாளன்றே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தொழிலாளி தன் நேரத்தைக் கூட்டாக நின்று காத்தான். பக்கத்து எந்திரத்துக்காரன் நேரத்தைப் பிடுங்கித் தன் எட்டு மணியைக் கண்டவன் அல்லன் அவன். படித்த நாமோ ஆளுக்கொரு நாட்குறிப்பை வைத்துக்கொண்டு, தனித்தனியே தப்பிக்கப் பார்க்கிறோம்.

எம் பள்ளியிலே ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தோம். பெற்றோரைப் பள்ளி வேளையில் அழைப்பதில்லை. வயல் வேலை முடிந்து அவர்கள் திரும்பும் மாலையிலே, அவர்கள் குறிக்கும் நேரத்தில் நாம் இருப்பது. சக ஆசிரியர் சிலர் சிரித்தனர். "இதற்கெல்லாம் உமக்கு நேரம் இருக்கிறதோ?" என்றனர். இல்லைதான். மாலையில் படித்துக் கொண்டிருந்த நூலொன்று பாதியிலேயே நிற்கிறது. பையனின் வருகையையும் இருபது நிமிடம் தள்ளிக் குறிக்கத் தலைமையாசிரியரிடம் இசைவு கேட்டிருக்கிறோம். இன்னும் விடை வரவில்லை.

அந்த அம்மையார் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். வண்டி தாமதம். ஆறே முக்காலுக்குத்தான் வந்தார், கைகளிலே வெங்காய மணத்தோடு. வாயிற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கீங்களா சார்? எனக்காகவா?" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டோம். உட்காரத் தயங்கினார்.